கடைமடைக் குழாயில் பிடித்த தண்ணீர்

எங்கள் ஊரில் குடிநீருக்கும் தலைமடை, கடைமடை உண்டு. கல்லணையில் திறக்கும் தண்ணீர் வெண்ணாறு, பாமணியாறு, கிளை வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து கடைசி வயலை எட்டும்போது எப்படி மெலிந்துபோகிறதோ, அப்படித்தான் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் குடிநீரும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்கிறது. மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள சிறிய ஊர். மேலத்தெரு, நடுத்தெரு, கீழத்தெரு, அதன்பின் ஒரு வடிவாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் நாங்கள். காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். மேலத்தெருவில் குழாயைத் திருகினால் இரண்டு நிமிடத்தில் குடம் நிறைந்துவிடும். எங்கள் தெருவில் குழாயை வெட்டித் தாழ்த்தி, முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, அந்தக் குழிக்குள் குடத்தை இறக்கினால்தான் தண்ணீர் வரும். பதினைந்து வருடமாக இப்படித்தான் பிடித்துவந்தோம்.

சென்ற ஐப்பசியில் ஒரு வாரம் அடைமழை. நட்ட சம்பாப் பயிர் தலை மட்டும் தெரிய நின்றது. மழை விட்ட மூன்றாம் நாள் எங்கள் தெருவில் நான்கு வீட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. கிராம சுகாதாரச் செவிலியர் வந்து உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களைக் கொடுத்தார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொன்னார். ஊராட்சியில் போய்க் கேட்டோம். குடிநீர்ப் பரிசோதனை அறிக்கையை எடுத்துக் காட்டினார்கள். கோலிஃபார்ம் கிருமிகள் இல்லை, அவற்றில் மலக்கலப்பைக் காட்டும் ஈ. கோலியும் இல்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அந்தத் தண்ணீரை எங்கே பிடித்தார்கள், எப்போது பிடித்தார்கள் என்று கேட்டேன். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில், பிளீச்சிங் பவுடர் கலந்த அன்று காலையில் என்றார்கள். அறிக்கையில் பிழை எதுவும் இல்லை. தலைமடையில் நின்று பார்த்துவிட்டு ஊர் முழுக்கப் பயிர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் தரும் ஜல் ஜீவன் திட்டம் 2019-இல் தொடங்கிய பிறகு, கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்குக் களத்திலேயே தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் ஊரிலிருந்து போன ஐந்து பேரில் நானும் ஒருத்தி. பக்கத்து வீட்டு அக்கா இன்னொருவர். அந்தப் பயிற்சியும் ஒரு சோதனைப் பெட்டியும் கையில் இருந்ததால், இந்தமுறை நாமே மாதிரி எடுப்போம் என்று முடிவு செய்தோம். மூன்று சுற்றுகளாக, ஏழு வாரம் ஆயிற்று. வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை விரித்து எழுதுகிறேன்.

மாவட்ட ஆய்வகத்துக்குப் போய்க் கேட்டதும் கிருமிநீக்கம் செய்த கண்ணாடி பாட்டில்கள் பத்து கொடுத்தார்கள். மூடியோடு சேர்த்துக் கழுத்தில் பழுப்புக் காகிதம் சுற்றி நூலால் கட்டியிருந்தது. திங்கள் முதல் புதன் வரைதான் கொண்டுவர வேண்டும் என்றார் அங்கிருந்த ஆய்வாளர். கிருமி இருக்கிறதா என்று பார்க்க அதை 24 முதல் 48 மணி நேரம் வளர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை அதைப் பார்க்க ஆள் இருக்காது. நல்ல காரணம். நாங்கள் திங்கட்கிழமையைக் குறித்துக்கொண்டோம்.

பாட்டிலின் அடியில் வெள்ளையாக மெல்லிய பொருக்கு ஒன்று படிந்திருக்கும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் சுற்றில் எங்களுக்கு இரண்டு பாட்டில்கள் வீணானது அதனால்தான். அது சோடியம் தையோசல்பேட். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் ஹைப்போ என்று வைத்திருப்பார்களே, அதே உப்பு. தண்ணீரில் இருக்கும் குளோரினை அது உடனே முறித்துவிடும். குளோரினை ஏன் முறிக்க வேண்டும்? நாம் பிடித்த தண்ணீர் ஆய்வகத்துக்குப் போய்ச்சேர இரண்டு மூன்று மணி நேரம் ஆகிறது. அந்த நேரமெல்லாம் குளோரின் பாட்டிலுக்குள் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும். பிள்ளை குழாயடியில் குடித்தபோது உயிரோடு இருந்த கிருமி, ஆய்வகத்தில் திறக்கும்போது செத்திருக்கும். தண்ணீர் சுத்தம் என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். 120 மில்லி பாட்டிலுக்கு மூன்று சதவீதக் கரைசல் 0.1 மில்லி விட்டால், லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை உள்ள குளோரினை அது முறித்துவிடும். கிருமிநீக்கம் செய்யும்போது அந்தச் சொட்டு காய்ந்து பொருக்காகிவிடுகிறது. அக்கா அதை அழுக்கு என்று நினைத்து, நல்ல மனதோடு, குழாய்த் தண்ணீர் விட்டு இரண்டு பாட்டில்களைக் கழுவிவிட்டார். பாத்திரத்தைக் கழுவாமல் தண்ணீர் பிடிப்பதை எங்கள் கை ஏற்றுக்கொள்ளாது. ஆனால் இந்த பாட்டிலைக் கழுவக் கூடாது. அந்த இரண்டையும் தனியாக ஒதுக்கிவைத்தோம்.

எங்கெங்கே எடுப்பது என்று முதல் நாள் மாலை, ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆபரேட்டர் அண்ணனோடு உட்கார்ந்து தரையில் குச்சியால் கோடு கிழித்துப் பார்த்தோம். எங்களுக்கு வருவது கொள்ளிடத்து மணலிலிருந்து எடுத்து அனுப்பும் கூட்டுக் குடிநீர். (வேனிலில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி அப்பாயி சிரட்டையால் மொண்ட அதே தண்ணீர்தான், இப்போது பெரிய கிணறும் பம்புமாக வருகிறது.) அது முதலில் தரைத்தொட்டியில் விழுகிறது, அங்கிருந்து மோட்டார் மூலம் 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது, பிறகு தெருக்களுக்கு இறங்குகிறது.

“தொட்டியில் எடுத்தால் போதாதா தங்கச்சி? எல்லாத் தண்ணீரும் அங்கேயிருந்துதானே வருகிறது?” என்று அண்ணன் கேட்டார்.

“மேட்டூரில் திறப்பதும் ஒரே தண்ணீர்தான் அண்ணே. நம் வயலுக்கு வரும்போது அது அப்படியே இருக்கிறதா?” என்றேன். அவரும் ஒரு மா நிலத்துக்குத் தண்ணீர் கட்டுகிறவர். அதற்குப் பிறகு அவரே இடங்களைச் சொல்ல ஆரம்பித்தார். தரைத்தொட்டி, மேல்நிலைத் தொட்டியின் அடிக்குழாய், மேலத்தெரு முதல் குழாய், வடிவாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கீழத்தெருவின் கடைசிக் குழாய், வாய்க்காலைத் தாண்டியதும் எங்கள் தெருவின் முதல் குழாய், கோயிலடி அடிபம்பு, ஒரு வீட்டுக் குடம்.

எங்கள் தெருக் குழாயில் மட்டும் இரண்டு பாட்டில்கள் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பயிற்சியில் சொன்ன முறை இது: குழாயைத் துடைத்து, வாயைத் தீயில் வாட்டி, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு பிடிக்க வேண்டும். குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் அழுக்கை விட்டுவிட்டு, குழாய்க்குள் வரும் தண்ணீரை மட்டும் சோதிப்பதற்கான முறை அது. சரியான முறைதான். ஆனால் நாள் முழுவதும் தண்ணீர் நிற்கும் நகரத்துக் குழாயை மனதில் வைத்துச் சொன்னது. ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வரும் ஊரில் ஓடவிடும் அந்த முதல் இரண்டு நிமிடத் தண்ணீர்தான் எல்லாவற்றையும் சொல்கிறது. மீதி 23 மணி நேரம் வெற்றுக் குழாய்க்குள் எது புகுந்ததோ, அது முதல் குடத்தில்தான் விழுகிறது. எங்கள் தெருவில் முதல் குடத்தை யாரும் கீழே கொட்டுவதில்லை. ஆறு குடம் கிடைத்தாலே பெரிது. ஆகவே தண்ணீர் வந்த உடனே எதுவும் செய்யாமல் ஒன்று, பத்து நிமிடம் ஓடிய பிறகு முறைப்படி ஒன்று. சீட்டில் ‘முதல் நீர்’, ‘பின் நீர்’ என்று எழுதினோம்.

முதல் திங்கட்கிழமை விடியுமுன் எழுந்தோம். மீன்காரரிடம் வாங்கிய தெர்மகோல் பெட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்தேன். பெட்டிக்கடைக் குளிர்ப்பெட்டியில் இரவே ஐஸாக்கி வைத்த தண்ணீர்ப் பைகள் ஆறு. மாதிரி 10 டிகிரிக்குக் கீழே, வெளிச்சம் படாமல் போக வேண்டும், உறையவும் கூடாது. சூட்டில் கிடந்தால் சில கிருமிகள் பெருகும், சில சாகும். எப்படியானாலும் குழாயடியில் இருந்த எண்ணிக்கை இருக்காது. ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர்ந்தால் நல்லது. 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

இரும்புக் குழாய்களை வாட்டுவது எளிது. இடுக்கியில் பஞ்சைப் பிடித்து ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தி, வாயைச் சுற்றிக் காட்டினால் போதும். எங்கள் தெருவில் எல்லாம் பிளாஸ்டிக் குழாய். அதைத் தீயில் காட்ட முடியாது. பிளீச்சிங் தெளிநீரில் நனைத்த சுத்தமான துணியால் உள்ளும் புறமும் துடைத்து, இரண்டு நிமிடம் விட்டு, அந்தக் குளோரின் போகும்வரை ஓடவிட்ட பிறகுதான் ‘பின் நீர்’ பிடித்தோம்.

பிடிக்கும்போது கைதான் பெரிய எதிரி. மூடியைக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்துத் திருகி, கவிழ்த்தபடி கையிலேயே வைத்திருக்க வேண்டும். கீழே வைக்கக் கூடாது. பாட்டிலின் வாயில் விரல் படக் கூடாது. தண்ணீரைச் சிறு தாரையாக வைத்து, தெறிக்காமல், கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை இடம் விட்டுப் பிடிக்க வேண்டும். அந்தக் காலி இடம் இருந்தால்தான் ஆய்வகத்தில் நன்றாகக் குலுக்க முடியும். பேசக் கூடாது, இருமக் கூடாது. அக்கா பிடித்தார், நான் டார்ச் அடித்து நேரத்தை எழுதினேன். கோயிலடி அடிபம்பை ஐந்து நிமிடம் அடித்து நீரை வெளியேற்றி, வாயை வாட்டி, இன்னும் சிறிது நேரம் அடித்த பிறகு பிடித்தோம். ஒருவர் அடிக்க, ஒருவர் பிடிக்க, இன்னொருவர் எழுத என்று மூன்று பேர் வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும், நிறத்தை ஒப்பிட்டு அளவு சொல்லும் குளோரோஸ்கோப்பில் குளோரினையும் பார்த்தோம். குழலில் தண்ணீரை எடுத்து ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டதும் மஞ்சள் வரும். சில விநாடிகளுக்குள் நிறத்தை ஒப்பிட்டுவிட வேண்டும், தாமதித்தால் கூடுதலாகக் காட்டும். மேல்நிலைத் தொட்டியடியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம். மேலத்தெருவில் அரை. கீழத்தெருவின் கடைசியில் 0.2. இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 குழாய் முனையில் கேட்பதே குறைந்தது 0.2 தான், அதுவரை சரி. வாய்க்காலைத் தாண்டி எங்கள் குழாயில் மஞ்சள் வரவே இல்லை. டார்ச்சைக் குழலுக்குப் பின்னால் பிடித்து இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போலவே இருந்தது. நாற்பது மீட்டர் தூரத்தில் மிச்சமிருந்த குளோரின் எதையோ எரித்துத் தீர்ந்துபோயிருந்தது.

இரண்டாவது இழப்பு பஸ்ஸில் நடந்தது. மன்னார்குடியிலிருந்து திருவாரூர் பஸ்ஸில், கூத்தாநல்லூர் தாண்டும்போது பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு பை கசிந்து, மையால் எழுதிய சீட்டுகள் மூன்று கரைந்துவிட்டிருந்தன. எந்தத் தண்ணீர் எந்தக் குழாய் என்று தெரியாத மூன்று பாட்டில்கள். ஊகித்து எழுதலாம் என்று அக்கா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆய்வகத்தில் அவற்றைக் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்தோம். அடுத்த திங்கட்கிழமை எல்லா இடத்திலும் மறுபடி எடுத்தோம். இந்தமுறை சீட்டில் பென்சில் எழுத்து, அதன்மேல் ஒட்டுநாடா, ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி பாலித்தீன் பையில், நிமிர்ந்தபடி. பென்சில் எழுத்து தண்ணீரில் அழியாது என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்; எங்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

அறிக்கை வர ஐந்து நாள் ஆகும் என்பதால், அதே குழாய்களில் கையோடு கறுப்புக் குப்பிச் சோதனையும் செய்தோம். ஹைட்ரஜன் சல்பைடு குப்பி என்பது அதன் முழுப்பெயர். குவாலியரில் ஆய்வு செய்துவந்த மாஞ்சாவும் உடனிருந்தவர்களும் 1982-இல் வெளியிட்ட முறை. ஆய்வகம் இல்லாத இடத்தில் மலக்கலப்பைக் கண்டுபிடிப்பதற்காகவே நம் நாட்டில் உருவான சோதனை அது. குப்பிக்குள் மருந்து தோய்த்த தாள் இருக்கும். கோடுவரை தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கி வைத்தால், குடல்சார்ந்த கிருமிகள் வளர்ந்து ஹைட்ரஜன் சல்பைடை விடும். அது தாளில் உள்ள இரும்புச் சத்தோடு சேர்ந்து கறுத்துவிடும். 48 மணி நேரம் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஐப்பசி இரவுகளில் குளிர் இருப்பதால், வெந்நீர் பாட்டிலோடு ஒரு தெர்மகோல் பெட்டியில் வைத்து, காலையும் மாலையும் வெந்நீரை மாற்றினேன். கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு குப்பி, வாய்க்கால் தண்ணீரில் ஒரு குப்பி என்று இரண்டு கூடுதலாக வைத்தோம். முதலாவது கறுக்கக் கூடாது, இரண்டாவது கறுத்தே ஆக வேண்டும். அந்த இரண்டும் சரியாக இருந்தால்தான் நடுவில் உள்ளவற்றை நம்பலாம்.

மறுநாள் விடியற்காலை பெட்டியைத் திறந்தபோது வாய்க்கால் குப்பிக்குப் பக்கத்தில் இன்னொன்றும் கறுத்திருந்தது. எங்கள் தெரு, முதல் நீர். மாலைக்குள் பின் நீரும் கறுத்தது. மூன்றாவதாக வீட்டுக் குடம். அதற்கு அடுத்த நாள் அடிபம்பு. தொட்டியும் மேலத்தெருவும் கீழத்தெருவும் இரண்டு நாளும் தெளிவாகவே இருந்தன. அந்தக் குப்பிகளைத் திறந்து முகராமல் பிளீச்சிங் ஊற்றி அழிக்க வேண்டும். உள்ளே வளர்ந்திருப்பது கிருமிக் கூட்டம்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. மலத்தோடு தொடர்பில்லாத சில கிருமிகளும் கறுப்பை உண்டாக்கும். தண்ணீர் விட்ட கணமே கறுத்தால் அது கிருமியே அல்ல, நிலத்தடி நீரில் ஏற்கெனவே உள்ள சல்பைடு. அதனால் ஆய்வக அறிக்கைக்குக் காத்திருந்தோம். அது வந்தது: எங்கள் தெருவின் இரண்டு பாட்டில்களிலும் ஈ. கோலி உண்டு, குடத்திலும் உண்டு, அடிபம்பில் கோலிஃபார்ம் உண்டு. 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது தரம். ஈ. கோலி மனிதரின், வெப்ப இரத்த விலங்குகளின் குடலில் வாழ்வது. அது தண்ணீரில் இருந்தால் மலம் எங்கோ கலக்கிறது என்று பொருள். எங்கே என்பதை அது சொல்லாது. அதை அந்த நாற்பது மீட்டரில் நாங்களே தேட வேண்டியிருந்தது.

அந்த நாற்பது மீட்டரில் குழாய் வடிவாய்க்காலுக்கு அடியில் போகிறது. வாய்க்காலில் வயல் வடிகாலோடு கீழத்தெருக் கழிவுநீரும் சேர்கிறது. கார்த்திகைத் தொடக்கத்தில் இடுப்பளவு தண்ணீர் கலங்கலாக ஓடியது; ஓட்டை எங்கே என்று எப்படிப் பார்ப்பது? ஆபரேட்டர் அண்ணன்தான் வழி சொன்னார். தண்ணீரைத் திறந்துவிட்ட முதல் நிமிடங்களில் குழாய்க்குள் இருக்கும் காற்று முன்னால் தள்ளப்படும். ஓட்டை இருந்தால் தண்ணீருக்கு முன்பே காற்று வெளியே வரும் என்றார். காலை ஐந்தே முக்காலுக்கு நானும் அக்காவும் அவருடைய மகனும் கரையில் டார்ச்சோடு உட்கார்ந்தோம். வால்வைத் திறந்ததாக அவர் போனில் சொன்னார். தவளைச் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். திடீரென்று வாய்க்காலின் நடுவே, சோறு கொதிப்பது போலக் குமிழ் கிளம்பியது. ஒரே இடத்தில், வரிசையாக. பையன் இறங்கிக் காலால் தடவி, “இங்கே இருக்கிறது அத்தை, இணைப்பு விட்டிருக்கிறது” என்றான். காற்று வெளியே வந்த அந்த வழியாகத்தான், தண்ணீர் நின்ற பிறகு 23 மணி நேரமும் வாய்க்கால் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. தண்ணீரை நிறுத்தும்போது குழாய் வடிந்து உள்ளே வெற்றிடம் உண்டாகிறது; வெளியே இருப்பதை அது உறிஞ்சுகிறது.

அந்தக் குமிழை மூன்று பேரும் பார்த்ததால் ஊராட்சியில் பேச்சு நீளவில்லை. இரண்டு நாளில் ஆள் வந்தது. வாய்க்காலின் இரு பக்கமும் மண்மூட்டை அடுக்கி, நடுவில் நின்ற தண்ணீரை இன்ஜின் வைத்து இறைத்தார்கள். இணைப்பை ஒட்ட வைத்து மறுபடி புதைப்பதை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஐப்பசியில் மறுபடி விடும். அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இரும்புக் குழாயை வெள்ளமட்டத்துக்கு மேலே இரண்டு கல்தூண்களில் தாங்கிக் குறுக்கே கொண்டுபோனார்கள். பழைய குழாய்த் துண்டை எடுத்தபோது உள்ளே கறுப்புச் சேறு விரற்கடைக்குப் படிந்திருந்தது. தெருப் பெண்கள் எல்லாரும் வந்து அதைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை.

அன்று இரவு கூடுதல் குளோரின் கலந்த தண்ணீரைக் குழாயில் நிரப்பி விடியும்வரை நிறுத்தினோம். யாரும் பிடிக்க வேண்டாம் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துச் சொன்னோம். காலையில் அதை முழுதும் வெளியேற்றி, குளோரோஸ்கோப்பில் வழக்கமான அளவு வந்த பிறகே மாதிரி எடுத்தோம். குளோரின் மிகுந்து நிற்கும்போது எடுத்தால் நல்ல அறிக்கைதான் வரும். அதனால் யாருக்கும் பயன் இல்லை. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு முறை எடுத்தோம்.

பின் நீர் இரண்டு முறையும் தெளிவு. முதல் நீர் இரண்டு முறையும் கறுப்பு.

அந்த மாலை எனக்கு மனம் மிகவும் சோர்ந்துவிட்டது. ஆனால் கறுப்பு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. தினமும் நாங்கள் குனிந்து நிற்கும் குழிதான். மழைநீரும், கால் கழுவிய நீரும், கோழியும் ஆடும் மிதித்த சேறும் குழியில் தேங்கி நிற்கின்றன. குழாயின் வாய் அதற்குள் மூழ்கியிருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய் அதை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் முதல் குடத்தில் அதைத் திருப்பித் தருகிறது. முறைப்படி ‘பின் நீர்’ மட்டும் எடுத்திருந்தால் எங்கள் வேலை அன்றே முடிந்ததாக எழுதியிருப்போம்.

குழியை மூட வேண்டும் என்றால் குழாயை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் தண்ணீர் ஏறாது. இதற்கு மோட்டாரோ புதுத் தொட்டியோ கேட்கலாம், கேட்டும் இருக்கிறோம். ஆனால் அதுவரை செய்யக்கூடியது ஒன்று இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் வாய்க்கால்களுக்கு முறை வைத்து விடுவதை எல்லாரும் பார்த்தவர்கள்தான். அதையே குழாய்க்கும் கேட்டோம். முதல் அரை மணி மேலத்தெரு, நடுத்தெரு வால்வுகளை அடைத்து, கீழத்தெருவுக்கும் எங்களுக்கும் மட்டும் தண்ணீர். பிறகு அவர்களுக்கு. மேலத்தெருவில் இரண்டு பேர் முதலில் ஒப்பவில்லை. கறுத்த குப்பியையும் தெளிந்த குப்பியையும் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தோம். அந்த வீட்டுப் பெரியம்மா கறுத்ததைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “இதையா பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள்?” என்று கேட்டார். அந்த வாரமே முறை தொடங்கியது. தரைக்கு மேலே இரண்டடி உயரத்தில் குழாய், கீழே சிமெண்டு மேடை, தண்ணீர் வடிய வாய்க்கால். குழிகள் நான்கையும் செங்கல் உடைசலும் மண்ணும் போட்டு மூடினோம்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றியும் எழுத வேண்டும். ஆபரேட்டர் அண்ணன் கையளவாகப் போட்டுவந்தார். புதிய பவுடரில் ஏறக்குறைய 33 சதவீதம் குளோரின் இருக்கும். அதன்படி 30,000 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் கிடைக்க 90 கிராம் அளவு பவுடர் வேண்டும். ஆனால் மோட்டார் அறையில் வாய் திறந்து கிடந்த மூட்டை ஈரத்தில் கட்டிதட்டி வீரியம் குறைந்திருந்தது. இப்போது மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, தராசில் நிறுத்து, வாளியில் குழைத்துத் தெளியவிட்டு, தெளிநீரை மட்டும் தொட்டியில் ஊற்றுகிறார். அளவைக் கடைசிக் குழாயின் மஞ்சளைப் பார்த்து முடிவு செய்கிறோம். தொட்டியடியில் எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாவது கேள்வி.

வீட்டுக் குடம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. மூன்றாவது சுற்றில் குழாய்த் தண்ணீர் முதல் நீர், பின் நீர் இரண்டும் தெளிவாக வந்தன. அதே தண்ணீரைப் பிடித்துவைத்த ஆறு வீட்டுக் குடங்களில் இரண்டு கறுத்தன. இரண்டிலும் சொம்பைக் கையோடு முக்கி மொள்கிறார்கள். ஆறு வீட்டுக்கும் நீண்ட பிடி வைத்த அகப்பை வாங்கிக் கொடுத்திருக்கிறோம். குடத்தைத் தினமும் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைக்கச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்குள் போய் இதைச் சொல்வது குழாயைப் பற்றி ஊராட்சியில் பேசுவதைவிடக் கடினம். எந்த வீட்டுக் குடம் என்று நோட்டில் எண் மட்டும் எழுதுகிறேன், பெயர் எழுதுவதில்லை.

கோயிலடி அடிபம்பு மூன்று முறையும் கறுத்தது. அதன் சிமெண்டு மேடை விரிசல் விட்டு, அடித்த தண்ணீரே ஓரமாக உள்ளே இறங்குகிறது. பிடிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, குடிக்க வேண்டாம், துவைக்கலாம் என்று எழுதியிருக்கிறோம். மேடையை உடைத்துப் புதிதாகப் போடத் தை அறுவடை முடிந்து ஆள் கிடைக்க வேண்டும். அதன்பின் அடிபம்புக்கு மட்டும் தனியாக இரண்டு பாட்டில்கள் எடுக்க வேண்டும். ஆய்வகத்தில் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன், காகிதக் கட்டுப் பிரிக்காமல்.